சிவப்பு எந்தப் பக்கம்

லைசென்ஸோ? போட் ஓட்டுறதுக்கு லைசென்ஸ் வேணுமோ எண்டோ கேட்டனீங்கள், பிள்ளை? இருங்கோ, இந்த மரவாங்கில இப்பிடி இருங்கோ. சரியான ஆளிட்டத்தான் கேட்டிருக்கிறியள். இந்தக் கரையில இதைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் வேற தமிழன் இல்லை. உங்கட இவர் அங்க நிண்டு கோழி வாட்டட்டும். அந்தப் புகையைப் பாத்தால் இப்போதைக்கு வேகிற கோழி மாதிரித் தெரியேல்ல.

ஓட்டப்போறது அவரோ? என்ன, நீங்களோ! சரி, சரி. நல்லது. நான் ஒண்டும் சொல்லேல்ல. சும்மா கேட்டனான்.

வேணும் பிள்ளை, கட்டாயம் வேணும். இந்தக் கனடாவில நாய் வளக்க லைசென்ஸ், மீன் பிடிக்க லைசென்ஸ். சரி, மீனுக்கு ஏதோ மரியாதை குடுக்கினம் எண்டு அதையாவது விடலாம். ஒரு சின்ன எஞ்சினைப் பூட்டிக்கொண்டு தண்ணிக்கு மேல ஆறுதலாப் போயிட்டு வாறதுக்கும் படிக்கவேணுமாம், சோதினை எழுதவேணுமாம். பாஸ் பண்ணினால் ஒரு கார்ட் வரும். இந்தா, பொக்கற்றிலதான் கிடக்கு, வடிவா வாசிச்சுப் பாருங்கோ. பஞ்சலிங்கம். என்ர பேர்தான். ஐம்பது கேள்வியில நாற்பத்தொன்பது சரி. ஓம், நாற்பத்தொன்பது. அதை அந்தக் கார்ட்டில போடேல்ல, அதுதான் எனக்குக் கவலை.

பிறகேன் ஐயா கரையில குந்திக்கொண்டிருக்கிறியள் எண்டு உங்கட கண் கேக்குது. கேளுங்கோ, கேட்டால்தானே சொல்லலாம். அங்க பாருங்கோ, ஏரிக்கு நடுவில ஒரு வெள்ளைப் போட், நீலக் கோடு போட்டது. தெரியுதோ? அது என்ர போட். நான் பாத்து வாங்கினது, நான் கழுவித் துடைக்கிறது. அதை ஓட்டிக்கொண்டு போறது என்ர மனிசி. பக்கத்தில இருந்து காத்து வாங்கிறது என்ர சினேகிதர் அருளம்பலத்தாரின்ர மனிசி. நான் இஞ்ச வாங்கில இருந்து உங்களோட கதைக்கிறன்.

என்னை விட்டிட்டுப் போனவ எண்டும் சொல்லேலாது. போகேக்க ஒரு கேள்வி கேட்டவ. ஒவ்வொரு சனிக்கிழமையும் இதில, இந்த இறங்குதுறைப் பலகையில நிண்டு, கயித்தைக் கையில பிடிச்சுக்கொண்டு, வாத்தியார் மாதிரிக் கேப்பா: "திரும்பி வரேக்க சிவப்பு எந்தப் பக்கம்?" சரியாச் சொன்னால் ஏறலாம். நான் சொல்லமாட்டன். அவ எஞ்சினைப் போடுவா, நான் வந்து இந்த வாங்கில இருப்பன். இந்தக் கோடை முழுக்க இதுதான் கூத்து.

பதில் தெரியாமலோ? நல்ல கேள்வி! பிள்ளை, நான் திருகோணமலைத் துறைமுகத்தில ஏழு வருசம் வேலை செய்தவன். கப்பல் ஓட்டேல்ல, ஸ்ரோர்ஸில இருந்தனான். ஆனால் ஜன்னலைத் திறந்தால் கடல்தானே? வாற கப்பல், போற கப்பல் எல்லாம் என்ர கண்ணுக்கு முன்னாலதான். அங்க துறைமுகத்துக்குள்ள வரேக்க, வழி காட்டுற சிவப்பு மிதவை இடக்கைப் பக்கம். இதைச் சின்னப்பிள்ளையும் சொல்லும். இஞ்ச என்னடா எண்டால் எல்லாம் மாறி. ஏரியில இருந்து இந்த ஆத்துக்குள்ள திரும்பி வரேக்க சிவப்பு வலக்கைப் பக்கம் இருக்கவேணுமாம். உலகத்தில ஒரு பாதி அப்பிடி, மற்றப் பாதி இப்பிடியாம். ஆர் கூடிக் கதைச்சு முடிவெடுத்தவையோ தெரியாது. என்னை ஒருத்தரும் கேக்கேல்ல.

சரி, கார்ட் வந்த கதையைக் கேளுங்கோ.

போட் வாங்கின உடன, கார்ட் எடுக்கவேணும், கணினியில படிச்சுச் சோதினை எழுதலாம் எண்டு சொன்னாங்கள். எனக்கு எங்க பிள்ளை நேரம்? பென்சன் எடுத்த மனிசனுக்கு இருக்கிற அலுவல் உங்களுக்குத் தெரியாது. காலமை எழும்பி, ஊர்ப் புதினம் முழுக்க வாசிச்சு, அருளம்பலத்தாரோட அதை ரெலிபோனில ஒருக்கா அலசி முடிக்க மத்தியானமாப் போயிடும். அதால மனிசியிட்டச் சொன்னன். "மங்கை, நீர் சும்மாதானே இருக்கிறீர், இதை என்ர பேரில ஒருக்காச் செய்துவிடும்" எண்டு. அவவுக்குச் சமையலும், பேரப்பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வாறதும், பின்னேரத்தில மருந்துக்கடையில நிக்கிறதும் தவிர வேற என்ன வேலை?

அவ முதல் மாட்டன் எண்டா. "உங்கட பேரில நான் எழுதுறது பிழையெல்லே?" எண்டா. பிழையாம்! முப்பத்தாறு வருசமா இந்த வீட்டுக்கு வாற கடிதத்துக்கெல்லாம் என்ர பேரில பதில் எழுதிறது ஆர்? அப்ப வராத பிழை இப்ப எங்கயிருந்து வந்தது? நான் அப்பிடிக் கேட்டன். அவ இருந்து எழுதத் தொடங்கிட்டா.

சும்மா எழுதினாவோ? என்ர வீட்டுக் குசினி கப்பலாப் போச்சுது பிள்ளை. அகப்பையைக் கையில வச்சுக்கொண்டு என்னட்டைக் கேப்பா, "இஞ்சாருங்கோ, தண்ணிக்குள்ள ஒராள் விழுந்தால் முதல் என்ன செய்யவேணும்?" நான் சொல்லுவன், "வெங்காயம் கருகுது, முதல் அதைப் பாரும்." லைஃப் ஜாக்கெட்டைச் சாப்பாட்டு மேசையில விரிச்சு ஒவ்வொரு கொழுவியாப் பூட்டிப் பூட்டிப் பாப்பா. ஒரு விசில் வாங்கினா. அதை ஊதிப் பாக்க, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் கதவைத் திறந்து எட்டிப் பாத்தான்.

அதில பகிடி என்ன எண்டால், மங்கை சுன்னாகத்துக்காரி. கிணத்துத் தண்ணி தவிர வேற தண்ணி தெரியாது. நீந்தத் தெரியாது. கலியாணம் முடிச்ச புதுசில கசோரினாக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனனான், முழங்கால் நனைய முதல் என்ர கையை விட்டிட்டுத் திரும்பி ஓடி வந்திட்டா. அந்த மனிசி எனக்கு மிதவை படிப்பிக்கிறா! சோதினை எழுதின அண்டைக்கு நான் பக்கத்திலதான் இருந்தனான். உற்சாகம் குடுக்க ஒராள் வேணும்தானே? தேத்தண்ணி ஆர் போட்டது எண்டு கேக்காதேங்கோ.

நாற்பத்தொன்பது. என்ர பேர் திரையில பளிச்செண்டு வந்தது. எனக்குக் கண்ணே கலங்கிட்டுது. பள்ளிக்கூடத்திலகூட நான் அப்பிடி எடுக்கேல்ல.

கார்ட் வந்த கிழமை வீட்டில ஒரு சாப்பாடு போட்டன். அருளம்பலத்தார் நில அளவைத் திணைக்களத்தில பெரிய உத்தியோகம் பாத்தவர், ஒருத்தரையும் லேசில மெச்சமாட்டார். அவர் எழும்பி வந்து என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினார். "நாற்பத்தொன்பதோ! ஆளுக்குள்ள இவ்வளவு விசயம் கிடந்திருக்கு. சரி, அந்த ஒண்டை எதில விட்டனீர்?" எண்டு கேட்டார். நான் மங்கையைப் பாத்தன். அவ கொடுப்புக்குள்ள சிரிச்சுக்கொண்டு, "எனக்கென்ன தெரியும் அண்ணை, எழுதினவரைத்தானே கேக்கவேணும்" எண்டு சொல்லிப்போட்டு இடியப்பம் எடுக்கப் போயிட்டா. அந்தச் சிரிப்பு எனக்கு அப்பவே பிடிக்கேல்ல.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அருளம்பலத்தாரையும் அவரின்ர மனிசியையும் மங்கையையும் போட்டில ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டன். நான் தொப்பி போட்டிருந்தன். அவை மூண்டு பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டினம். நான் போடேல்ல. கப்பல் தலைவன் முதல் பயந்தால் மற்றவைக்கு எப்பிடித் தைரியம் வரும்? போகேக்க ஒரு குறையும் இல்லை. நடு ஏரியில நிண்டு வடையும் திண்டு, நான் திருகோணமலைக் கதையும் சொல்ல, அருளம்பலத்தார் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நித்திரை கொண்டவர் எண்டு மங்கை பேந்து சொன்னா. அது அவவின்ர பொறாமை.

திரும்பி வரேக்கதான் வந்தது வினை. அந்தா பாருங்கோ, ஆத்து வாய்க்கு வெளியில தனிய ஒரு சிவப்பு மிதவை மிதக்குது. தெரியுதோ? பச்சை மிதவை இன்னும் உள்ளுக்குக் கிடக்கு. அந்தச் சிவப்புக்கு அந்தப் பக்கம் தண்ணிக்குக் கீழ கல்லு. மேலால பாத்தால் ஒண்டும் தெரியாது, பச்சைத் தண்ணிதான். மங்கை ஆறுதலாச் சொன்னா, "இஞ்சாருங்கோ, சிவப்பு வலப்பக்கம் வரவேணும். கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கோ" எண்டு.

சொன்னது பிழையில்லை பிள்ளை. ஆனால் ஆக்களுக்கு முன்னால சொல்லலாமோ? அருளம்பலத்தார் முழிச்சிட்டார். என்னைப் பாக்கிறார், அவவைப் பாக்கிறார். எனக்கு முகமெல்லாம் சுட்டுது. நான் ஒரு கேள்விதான் கேட்டன்.

"மங்கை, கார்ட் ஆரின்ர பேரில கிடக்கு?"

நான் திருகோணமலை முறைப்படி சிவப்பை இடக்கைப் பக்கம் விட்டு, வலு எடுப்பாத் திருப்பினன்.

அந்தச் சத்தத்தை நான் சொல்லி விளங்காது. கீழ கறகறவெண்டு அரைச்சு, போட் ஒருக்கா எத்தி எழும்பி, பக்கமாச் சரிஞ்சு நிண்டுது. வடைச் சட்டி தண்ணிக்குள்ள. அருளம்பலத்தார் மடியில பிளாஸ்க். எஞ்சின் நிண்டுட்டுது. மானம் கப்பலேறும் எண்டு சொல்லுவினம், எனக்குக் கல்லில ஏறிச்சுது. மங்கை எழும்பி, எல்லாரின்ர கால் கையும் பத்திரமோ எண்டு பாத்து, எல்லாரையும் ஒரு பக்கமா இருத்திப்போட்டு, எனக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு மேலால கொழுவிவிட்டா. பிறகு அந்த விசிலை எடுத்து ஊதினா. ஊதினா, ஊதினா, ஏரி முழுக்கக் கேக்க ஊதினா.

ரோந்துப் போட் வந்தது. அதில ஒரு பொலிஸ்காரப் பிள்ளை, என்ர கடைசி மகளின்ர வயசுதான் இருக்கும். கார்ட் கேட்டா. நான் நெஞ்சை நிமித்திக்கொண்டு குடுத்தன். வாங்கி வடிவாப் பாத்திட்டு மரியாதையாக் கேட்டா, "ஐயா, நீங்கள் படிச்சுப் பாஸ் பண்ணின ஆள். சிவப்பு எந்தப் பக்கம் வரவேணும் எண்டு சொல்லுவீங்களோ?" எண்டு. நான் இடப்பக்கம் எண்டு சொல்லி, துறைமுகத்துக் கதையையும் தொடக்கத்தில இருந்து சொன்னன். அந்தப் பிள்ளை பாவம், நடுவில மறிக்காமக் கேட்டுது. பிறகு, "வேற ஆருக்கும் போட் ஓட்டத் தெரியுமோ? ஆரும் படிச்சிருக்கிறீங்களோ?" எண்டு கேட்டுது.

மங்கை நல்ல தெளிவான இங்கிலீசில சொன்னா, "நான் படிச்சனான். ஆனால் என்னட்டைக் கார்ட் இல்லை."

அந்தப் பொலிஸ்காரப் பிள்ளை அவவைப் பாத்துது, என்னைப் பாத்துது, கார்ட்டைப் பாத்துது. பிறகு கார்ட்டைத் திருப்பித் தந்திட்டுக் கயித்தைக் கட்டத் தொடங்கிச்சுது. அருளம்பலத்தார் கால் சட்டையைப் பிழிஞ்சுகொண்டு, ஆருக்கும் இல்லாம, "நாற்பத்தொன்பது" எண்டார். அவ்வளவுதான். இண்டுவரைக்கும் அவர் எனக்கு ரெலிபோன் எடுக்கேல்ல.

உங்களிட்டைக் கேக்கிறன், அவ செய்தது நியாயமோ? புருசனைக் காப்பாத்த ஒரு பொய் சொல்லேலாதோ? வீட்டில பேசுவா எண்டு பாத்தன், பேசேல்ல. பேசியிருந்தால் நானும் ரெண்டு பேசி முடிச்சிருப்பன். ஒரு கிழமை சோறு மட்டும் போட்டா. பிறகு ஒருநாள், தன்ர பேரில சோதினை எழுதிப்போட்டன் எண்டு சொன்னா. கார்ட்டையும் காட்டினா.

எத்தினை எண்டு கேட்டன். நாற்பத்தேழாம்.

கேட்டீங்களோ? நாற்பத்தேழு! என்ர பேரில நாற்பத்தொன்பது, அவவின்ர பேரில நாற்பத்தேழு. அப்ப ஆர் கெட்டிக்காரர்? அவவிட்டையும் இதையேதான் கேட்டனான். அவ, "உங்கட பேரில எழுதேக்க பயத்தில எழுதினனான். ஒண்டு பிழைச்சால் உங்கட மரியாதையெல்லே போயிடும். என்ர பேரில மூண்டு பிழைச்சால் ஆர் கேக்கப்போகினம்?" எண்டா. இதுவும் ஒரு விளக்கமோ பிள்ளை? குறைஞ்சது குறைஞ்சதுதானே?

அதுக்குப் பிறகுதான் இந்தச் சனிக்கிழமைக் கேள்வி. மகள் சொல்லுறா, "அப்பா, ஒரு சொல்லுத்தானே, சொல்லிப்போட்டு ஏறுங்கோவன்" எண்டு. ஒரு சொல்லோ? அந்த ஒரு சொல்லைச் சொன்னால், அண்டைக்கு அருளம்பலத்தாருக்கு முன்னால அவ சொன்னது சரி, நான் செய்தது பிழை எண்டு ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டின மாதிரி. மாட்டன். இந்த வாங்கிலயே வேர் விட்டாலும் மாட்டன். இஞ்ச இருக்கிறதில எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல காத்து. வாத்துக்கள் வருகுது. போன கிழமை ஒண்டு வந்து பக்கத்தில கன நேரம் நிண்டுது.

சரி, உண்மையைச் சொல்லுறன். எனக்குப் போட்டில போக ஆசையா இருக்கு. அவ பக்கத்தில இருந்து போக ஆசையா இருக்கு. அதைப் போய் அவவிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ.

அந்தா, திரும்பி வாறா. நேரத்துக்கு வந்திடுவா. பாருங்கோ எவ்வளவு ஆறுதலா வாறா எண்டு, மாட்டுவண்டில் தோத்துப்போம். கதைச்சுக்கொண்டு வாறா. அந்த அருளம்பலத்தின்ர மனிசி ஒரு வாயாடி, ஓட்டுற ஆளைப் பாக்கவே விடாது. மிதவைக்குக் கிட்ட வந்திட்டா. என்ன இது? பிள்ளை, இஞ்ச பாருங்கோ, சிவப்பு எந்தப் பக்கம் நிக்குது? இடப்பக்கமெல்லே நிக்குது! இடப்பக்கம்! ஐயோ, கல்லுக்கெல்லே போறா! அவவுக்கு நீந்தத் தெரியாது பிள்ளை!

மங்கை! மங்கை! வலப்பக்கம்! சிவப்பு வலப்பக்கம் வரவேணும்! வலப்பக்கமடியப்பா, வலப்பக்கம்!

என்ன? என்ன சொல்லுறியள்? அவ எங்களைப் பாத்து வாறாவோ? அவவின்ர வலம் எங்களுக்கு இடமோ? அப்ப அவ சரியாத்தான் வாறாவோ? ஓ. ஓம். சரிதான். வந்திட்டா, கடந்திட்டா.

தண்ணி வச்சிருக்கிறீங்களோ பிள்ளை? இல்லை, ஒண்டுமில்லை, வெயில். உங்கட இவர்கூட கோழியை விட்டிட்டு இஞ்ச பாக்கிறார். கரையில நிக்கிற சனமெல்லாம் பாக்குது. அவ்வளவு சத்தமாவோ கத்தினனான்? அவவுக்கும் கேட்டிருக்குமோ? எஞ்சின் சத்தத்தில கேட்டிராது.

கேட்டிருக்கு. கையைக் காட்டுறா. சிரிக்கிறா. அந்த மனிசியும் சேர்ந்து சிரிக்குது, போச்சு, இண்டைக்கு இரவே அருளம்பலத்தாரின்ர காதுக்குப் போயிடும்.

இந்தா, கயித்தை எறியிறா. பிடிச்சிட்டன். என்ன மங்கை? இல்லை, நான் உமக்குச் சொல்லேல்ல, இந்தப் பிள்ளைக்குப் படிப்பிச்சுக்கொண்டிருந்தனான். என்ன? "பதில் கேட்டது, ஏறுங்கோ" எண்டோ? பாத்தீங்களோ பிள்ளை? கடைசியில ஆர் இறங்கி வந்தது? அவதான். நான் ஒரு கோடை முழுக்க அசையேல்ல, அவவாலதான் தாங்கேலாமப் போச்சுது. சரி, சரி, கேக்கிறா, போறன். அந்த லைஃப் ஜாக்கெட்டை ஒருக்காப் பிடியுங்கோ. இந்தக் கொழுவி எதுக்குள்ள போகுது? இதுக்குள்ளயோ? காணும், அவ பூட்டிவிடுவா.

நீங்கள் எடுங்கோ பிள்ளை லைசென்ஸ். நீங்களே இருந்து படியுங்கோ, உங்கட பேரிலயே எழுதுங்கோ. நாற்பத்தேழு வந்தாலும் காணும். என்னை மாதிரி நாற்பத்தொன்பது எல்லாருக்கும் வராதுதானே.